ஆட்டுக் கம்பளியும் இரும்புத் தாதும்

1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், ஜப்பானின் ஹக்கோனே என்னும் மலையூரில், ஆஸ்திரேலிய வாணிக அமைச்சர் ஜான் மெக்யூவனும் ஜப்பானியப் பிரதமர் நொபுசுகே கிஷியும் வாணிக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டனர். போர் முடிந்து அப்பொழுது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆஸ்திரேலியப் படைவீரர் ஏறத்தாழ 22,000 பேர். அவருட் பெரும்பாலோர் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டவர்கள். 8,000 பேர் வரை சிறையிலேயே மாண்டனர். போரின் இறுதியாண்டில் சண்டாக்கான் முகாமில் இருந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள் ஏறக்குறைய 2,400 பேருள் உயிர் தப்பியவர் அறுவரே! கிஷியோ, போர் தொடங்கியபோது தோஜோவின் அமைச்சரவையில் இருந்தவர். பின்னர் மூன்றாண்டுகள் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர். இத்தகையவரோடு கைகுலுக்க ஆஸ்திரேலிய அரசைத் தூண்டியது எது?

கம்பளிதான். போருக்கு முன்பே, பிரிட்டனுக்கு அடுத்தபடியாக ஆஸ்திரேலியக் கம்பளியை மிகுதியாக வாங்கிய நாடு ஜப்பான். 1936இல் ஆஸ்திரேலியா, பிரிட்டிஷ் ஆலைகளின் நலம் கருதி ஜப்பானியத் துணிகள்மீது தீர்வையை உயர்த்தியது. ஜப்பான் கம்பளி வாங்குவதைக் குறைத்துப் பதிலடி கொடுத்தது. இழப்பு ஆடு வளர்ப்போர் தலையில் விழுந்தது. மெக்யூவன் குடியானவர் கட்சியினர். இப்பாடத்தை அவர் மறந்திருக்க முடியாது.

புதிய ஒப்பந்தப்படி, பிற நாடுகளுக்கு அளிக்கும் சலுகை குறையாமல் ஒருவருக்கொருவர் அளிக்க இரு நாடுகளும் இசைந்தன. மூன்றாண்டுகளுக்குக் கம்பளிமீது தீர்வை விதிப்பதில்லை என ஜப்பான் உறுதி கூறியது. மலிவான ஜப்பானியச் சரக்குகளால் உள்நாட்டுத் தொழில் நசியுமென ஆலை முதலாளிகள் அஞ்சினர். தொழிற்கட்சியும் எதிர்த்தது. அந்த அச்சத்தை வெறும் பகையுணர்ச்சி என ஒதுக்கிவிடல் தகாது. கேடு நேரின் தடுத்துக்கொள்ள ஆஸ்திரேலியாவுக்கு ஒப்பந்தத்திலேயே வழி வைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியா சென்ற கிஷி, போரில் நிகழ்ந்தவற்றுக்காக வருத்தம் தெரிவித்தார்.

இரும்பின் கதை இன்னும் விந்தையானது. 1938இல் போர்ட் கெம்பிளாத் துறைமுகத் தொழிலாளர், சீனாவின்மீது படையெடுத்திருந்த ஜப்பானுக்குக் கச்சா இரும்பு ஏற்ற மறுத்தனர். ஏற்றியே தீரவேண்டும் என்று நின்ற அமைச்சர் ராபர்ட் மென்சீசுக்கு ‘பிக் அயர்ன் பாப்’ என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டில், தாது வளம் குறைவென்று எண்ணி, இரும்புத் தாது ஏற்றுமதியை அரசு தடை செய்தது. அத்தடையை 1960இல் தளர்த்தியதும் பிரதமர் மென்சீசின் ஆட்சியே! 1966இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராத் தாது ஜப்பானுக்குக் கப்பலேறியது. அக்காலத்தை ஒட்டியே, ஆஸ்திரேலியச் சரக்குகளை வாங்குவதில் ஜப்பான் பிரிட்டனையும் விஞ்சியது.

ஹக்கோனே ஒப்பந்தத்தின் பெயரில் ‘வாணிகம்’ என்ற சொல்தான் இருந்தது. 1976இல் மால்கம் பிரேசரும் தக்கேயோ மிக்கியும் தோக்கியோவில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் பெயரில்தான் ‘நட்பு’ என்னும் சொல் இடம்பெற்றது.