வெட்டிய காடும் நட்ட காடும்

இலங்கையின் மலைநாட்டிலே மரம் நடும் முயற்சிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பருவநிலை மாறிவருவது கண்டு உலகெங்கும் காடு வளர்ப்பு வற்புறுத்தப்படும் இந்நாளில் அவ்வரலாற்றை நாம் மீண்டும் வாசித்தல் வேண்டும். வளியிலுள்ள காபனீரொட்சைட்டை மரங்கள் உள்வாங்கித் தம் உடலிலும் மண்ணிலும் சேர்த்து வைக்கின்றன என்பதை நம் மாணவர் அறிவர். 1956இல் இந்நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்காக இருந்த காடு, 2010ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 30 பங்காகச் சுருங்கிவிட்டது. 2030க்குள் அதனை 32 பங்காக உயர்த்துவதென அரசாங்கம் உலக நாடுகளுக்கு வாக்களித்துள்ளது. நோக்கம் நல்லதே. ஆயின் எந்நிலத்தில் எம்மரத்தை நடுவது, அந்நிலம் யாருடையது என்னும் வினாக்கள் இவ்வெண்களுக்குள் மறைந்துவிடுகின்றன.

மலைக்காடு அழிந்த கதையில் முதலில் நோக்கத்தக்கது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாகும். உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவையாகக் கொள்ளப்படும் என்றது அச்சட்டம். சில ஆண்டுகளுக்கொருமுறை சேனைப்பயிர் செய்தும், மாடு மேய்த்தும், விறகும் மூலிகையும் எடுத்தும் வாழ்ந்த கண்டிக் கிராமத்தவனிடம் உறுதிப்பத்திரம் ஏது? அவன் தலைமுறை தலைமுறையாக அநுபவித்த பொதுக்காடு சட்டத்தின் கண்ணுக்குப் பாழ்நிலம் ஆயிற்று. ஆரம்பத்தில் அது ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் தேசாதிபதி உட்பட உயர் உத்தியோகத்தர் பலர் இருந்தனர். சட்டம் செய்தவரும் அதனால் பயன் பெற்றவரும் ஒரே கூட்டத்தினர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று நம் வரலாற்றிலே அரிது.

காடு வெட்டிய முறையைத் துரைமார் விரிவாகவே எழுதிவைத்துள்ளனர். மலையடியில் தொடங்கி மேனோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு மட்டும் வெட்டிச் செல்வர். உச்சியிலுள்ள பெருமரங்களை முற்றாக வெட்டுவர். அவை கீழுள்ள மரங்கள்மீது சாய, அம்மரங்கள் தமக்குக் கீழுள்ளவற்றின்மீது சாய, கொடிகளாற் பிணைந்து கிடந்த சரிவு முழுவதும் பேரிரைச்சலோடு சரிந்து விழும். சில வாரம் காயவிட்டுத் தீ வைப்பர். வெட்டும் வேலையைப் பெரிதும் ஒப்பந்தத்திற்குச் செய்தவர் சிங்களக் கிராமத்தவர். எரிந்த சாம்பலிலே குழி தோண்டிக் கோப்பி நட்டவர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காடுவழியே நடந்து வந்த தொழிலாளர். நிலத்தை இழந்தவனும் நிலமே இல்லாதவனும் ஒரே சரிவில் ஒருவன்பின் ஒருவனாக உழைத்தனர். இன, மொழிப் பூசல்களிடையே நாம் மறந்துபோன செய்தி இது.

1878ஆம் ஆண்டளவில் கோப்பி சுமார் 2,75,000 ஏக்கரிலே பரந்திருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் இருபது ஆண்டுகளில் அத்தொழிலை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. ஒரு புல்லுமின்றி மண்ணைச் சுரண்டி வைத்தலே சிறந்த தோட்டத்தின் அடையாளமெனக் கருதப்பட்டது. மழை அந்த மண்ணை ஆறுகளிலும் கீழுள்ள கிராமத்தவரின் வயல்களிலும் கொண்டு சேர்த்தது. மண்பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1951இல்.

கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென 1873இல் ஆலோசனை கூறினார். 1885இல் காட்டுக் கட்டளைச்சட்டம் பிறந்தது. மேல்மலைக் காடுகளில் ஒரு பகுதி தப்பியமைக்கு இவை துணைசெய்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதற்கு முன்னரே நடுமலைக் காடு பெரிதும் தோட்டமாகிவிட்டது. காட்டை அழித்தவன் என்ற பழியின் பெரும் பங்கோ சேனைக்காரன் தலையில் விழுந்தது.

பின்னர் நடுகை தொடங்கிற்று. தேயிலைக் கொழுந்தை உலர்த்த விறகு வேண்டும். எனவே அவுஸ்திரேலிய யூக்கலிப்டஸ் வந்தது. 1970களிலும் 80களிலும் மானாப்புல் மண்டிய சரிவுகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் கரிபியப் பைன் பெருமளவில் நடப்பட்டது. வளமிழந்த மண்ணில் அது பிழைக்கும், விரைந்து வளரும், மாடு தின்னாது. வனத் திணைக்களத்தார் அதனைத் தெரிந்தெடுத்ததற்கு நியாயம் இருந்தது. வெறுமையாய்க் கிடந்த சரிவுகள் பலவற்றை அது மூடியது. ஆனால் அணிவகுத்து நிற்கும் அம்மரங்களின் கீழே உதிர்ந்த ஊசியிலை மெத்தையாகப் படிகின்றது. நாட்டுச் செடிகொடிகள் அருகியே முளைக்கின்றன. ஊவாவின் வறண்ட மாதங்களில் அந்த இலைக்குவை எளிதிலே தீப்பற்றுகின்றது. எரிந்த காடு சேர்த்து வைத்த காபனை வளிக்கே திருப்பிக் கொடுக்கின்றது. தம் ஊற்றுக்கள் வற்றின என்பது கிராமத்தவரின் நெடுநாள் முறையீடு. புல்வெளியில் விரைந்து வளரும் மரங்களை நட்டால் ஓடைநீர் குறையும் என்பதைப் பிற நாடுகளின் ஆய்வுகளும் காட்டியுள்ளன. மேலும், மலைப்புல்வெளிகள் யாவும் அழிந்த காட்டின் எச்சங்கள் அல்ல. இயற்கையான புல்வெளிகளும் உண்டு. அங்கே மரம் நடுதல் மீட்பாகாது.

பைன் நட்டாயிற்று, இனி என்செய்வது? 1990களின் தொடக்கத்திலே சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் மார்க் அஷ்டனும் ஒரு பரிசோதனை செய்தனர். பைன் வரிசைகளுக்கிடையே நாகமரம், ஹொர முதலிய மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டனர். சில பைன் வரிசைகளை வெட்டி வெளிச்சம் விட்ட இடங்களிலே அவை நன்கு வளர்ந்தன. அந்நிய மரத்தை வேரோடு பிடுங்கவேண்டுமெனக் கொதிப்போரும், பைனே போதுமென்போரும் இதனை ஊன்றிக் கவனித்தல் தகும். பைனைச் செவிலியாக்கி மழைக்காட்டை வளர்க்கலாம். ஆனால் அதற்குப் பல பத்தாண்டுப் பொறுமை வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் கன்றுகளை எண்ணுவோரிடம் அதனை எதிர்பார்ப்பது கடினம்.

நில உரிமை வினா இன்னும் தீரவில்லை. இன்று காடாக்கத்திற்கு உகந்தவையெனச் சுட்டப்படும் நிலங்களுள் கைவிடப்பட்ட தேயிலை மலைகளும் அடங்கும். அவற்றின் அடிவாரத்து லயன்களிலே வாழ்வோர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தோரின் பேரப்பிள்ளைகள். குடியுரிமை மீண்டது, குடியிருக்கும் அறைக்கு உறுதிப்பத்திரம் பெரும்பாலோர்க்கு இன்னும் இல்லை. செங்குத்துச் சரிவும் ஓடைக்கரையும் காட்டுக்கே உரியன. சமனான பகுதிகளில் வீட்டுக்காணியும் பழமரத் தோட்டமும் அவர்களுக்கு உரிமையாக வழங்கப்படுதல் வேண்டும். நாற்றுமேடைகளை அவர்களும் அயற்கிராமத்துச் சிங்கள விவசாயிகளும் கூட்டாக நடத்தி, நட்ட காட்டின் விறகிலும் பயனிலும் எழுத்து மூலமான பங்கு பெறுதல் வேண்டும். நாட்கூலிக்குக் குழி தோண்ட அவர்களை அழைப்பதற்கு முன்னரே அப்பத்திரங்கள் எழுதப்பட வேண்டும்.