அழைப்பின் பயன்: டெவன்டர் நகரம் காட்டிய வழி

கிறிஸ்தவ சமயத்தில் 'அழைப்பு' என்பது ஆழ்ந்த பொருளுடைய சொல். வலை வீசிக் கொண்டிருந்தோரையும், ஆயத்துறையில் அமர்ந்திருந்தவரையும் இயேசு பெருமான் தம்மைப் பின்தொடருமாறு அழைத்தார் என நற்செய்தி நூல்கள் கூறும். அவ்வழைப்பு எதன்பொருட்டு? இறைமகனின் சாயலை அடைவதற்கே என்பது உரோமையர்க்குப் பவுலடிகள் வரைந்த மடலில் காணப்படும் விடை. ஆயினும், இடைக்கால ஐரோப்பாவில் இச்சொல்லின் பொருள் குறுகிற்று. மடம் புகுந்து வார்த்தைப்பாடு கொடுத்த துறவியரே அழைக்கப்பெற்றோர் என்னும் எண்ணம் வேரூன்றியது. அவ்வெண்ணத்தைத் தம் வாழ்வால் அசைத்தவர் நெதர்லாந்து நாட்டு டெவன்டர் நகரத்தவரான கெரார்டு குரோட் என்பவர்.

செல்வக் குடியில் 1340ஆம் ஆண்டு பிறந்த குரோட், பாரிசுப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். திருச்சபை மானியங்களும் அவரை நாடி வந்தன. கல்வியும் செல்வமும் நிரம்பியிருந்த வேளையில், 1374ஆம் ஆண்டில் அவர் உள்ளம் திரும்பியது. மானியங்களைத் துறந்தார், தம் இல்லத்தை ஏழைப் பெண்டிர் வாழ்வதற்கு அளித்தார். குருப்பட்டம் பெறாது, தியாக்கோன் என்னும் கீழ்நிலையிலேயே நின்று, ஊர்தோறும் மக்கள் மொழியில் போதித்தார். குருமாரின் ஒழுக்கக் கேட்டை அவர் கண்டித்தமை பலருக்குக் கசந்தது. 1383இல் போதிக்கும் உரிமை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அவர் மேலிடத்துக்கு முறையிட்டார். ஆயினும், தடையை மீறிப் பேசவில்லை. மறு ஆண்டு, நோயுற்ற நண்பரைக் காணச் சென்று, கொள்ளைநோய் தொற்றி உயிர் நீத்தார்.

வார்த்தைப்பாடு இல்லாத வாழ்வு

அவர் மாணவர் புளோரன்ஸ் ராடவைன்ஸ் தலைமையில் 'பொதுவாழ்வுச் சகோதரர்' என்னும் குழு வளர்ந்தது. இவர்கள் வருவாயைப் பொதுவில் வைத்து உண்டனர், ஆனால், வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை, இரந்துண்ணவும் இல்லை. பெண்டிர் நூல் நூற்றும் துணி நெய்தும், ஆடவர் ஏடு பெயர்த்தெழுதியும் பிழைத்தனர்.

இதனை இரந்துண்ணும் துறவியர் சிலர் பொறுக்கவில்லை. மத்தேயு கிராபோ என்னும் தொமினிக்கன் சபைத் துறவி, ஏற்கப்பெற்ற துறவு சபைக்கு வெளியே நின்று நிறைவாழ்வு வாழ முயல்வது தகாது என்று வழக்காடினார். கான்ஸ்டன்ஸ் நகரில் 1414 முதல் 1418 வரை கூடிய பொதுச்சங்கத்தின் முன் இவ்வழக்கு வந்தது. பாரிசு அறிஞர் ஜான் ஜெர்சோன் எதிர்வாதம் எழுதினார். கிறிஸ்து தாமே நிறுவிய நெறி முழுமையானது. அதனை நிறைவாகப் பின்பற்ற மனிதர் வகுத்த வார்த்தைப்பாடு கட்டாயமன்று என்பது அவர் கருத்து. கிராபோவின் கூற்று தள்ளப்பட்டது. கடையில் இருப்பவரும் தறியில் அமர்ந்தவரும் கிறிஸ்துவைப் போலாதல் கூடும் என்னும் உண்மை நிலைபெற்றது.

ஏடு பெயர்த்தவரின் நூல்

இச்சகோதரரிடம் பயின்றவரே தாமஸ் கெம்பிஸ். கொல்லர் ஒருவரின் மைந்தர். 1399இல் சுவோலா நகரை அடுத்த புனித ஆக்னஸ் மலை மடத்தில் சேர்ந்து, 1471இல் மறையும்வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அமைதியாய் வாழ்ந்தவர். விவிலியம் முழுவதையும் தம் கையாலேயே பெயர்த்தெழுதியவர். 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' எனத் தமிழில் வழங்கும் நூலின் ஆசிரியர் இவரே என்பது பெரும்பாலோர் துணிபு. 1441இல் அவர் கைப்பட எழுதி முடித்த ஏடு பிரசெல்சு நூலகத்தில் உள்ளது. சமய எல்லை கடந்தும் அந்நூல் போற்றப்பட்டது. அதன் ஒரு பகுதியை 1889இல் வங்க மொழியில் பெயர்த்தவர் சுவாமி விவேகானந்தர் என்பது எண்ணத்தக்கது.

ஏடு பெயர்ப்போன் மூலத்தைக் கண்முன் வைத்து, ஓரெழுத்தும் பிறழாமல் நாள்தோறும் எழுதுகிறான். தன் கைத்திறத்தைக் காட்ட முற்படின் மூலம் சிதையும். பிழை கண்டால் சுரண்டித் திருத்துகிறான். டெவன்டர்ச் சகோதரர் கிறிஸ்துவைப் பின்பற்றியதும் இம்முறையிலேயே. பதவியையோ வாதத் திறனையோ அவர்கள் அழைப்பின் பயனாகக் கொள்ளவில்லை. தாழ்மை, பொறுமை, பிறர்க்கு உழைத்தல் எனக் கிறிஸ்துவின் பண்புகளை ஒவ்வோரெழுத்தாகத் தம் வாழ்வில் பெயர்த்தெழுதினர். போதிக்கும் உரிமையை இழந்த பின்னும் நோயாளியின் வாயிலை மிதித்த குரோட்டின் இறுதி நாள், அவ்வேட்டின் பிழையற்ற பக்கமாகும்.