ஏதிலியர் தம் காலில் நின்ற வரலாறு

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர் படகேறி இராமேசுவரம் கரை சேர்ந்த காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அரசு முகாம்களில் கூரையும் அரிசியும் கிடைத்தன. ஆனால் எத்தனை நாள் கையேந்தி வாழ முடியும்?

இக்கேள்விக்கு அகதிகளே விடை தேடினார்கள். தந்தை செல்வா எனப் போற்றப்படும் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன், 1984-ல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். முகாம் இளைஞரே ஆசிரியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்றனர். பெண்கள் சுய உதவிக் குழுக்கள் அமைத்துச் சேமித்தனர். சத்துக் குறைவைப் போக்கச் சுருள்பாசி வளர்த்தனர். 1980-ல் அருட்தந்தை அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணியும் பின்னாளில் முகாம்களில் மாலை வகுப்புகள் நடத்திற்று.

1991 மே 21-ல் நம் அண்டை ஊராகிய திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். சிலர் செய்த கொடுமைக்காகக் குற்றமற்ற முகாம் மக்கள் மீதும் சந்தேகம் விழுந்தது. அகதிப் பிள்ளைகளின் கல்லூரி இட ஒதுக்கீடு நின்றது. கழகத்தார் சோர்ந்துவிடாமல் முறையிட்டு வந்தனர். 1996-ல் அது மீண்டும் கிடைத்தது.

இன்று ஒரகடம் தொழிற்சாலைகளை நாடி வந்த பிற மாநிலத்தார் நம் பகுதியில் வாடகை அறைகளில் குடியிருக்கின்றனர். இவர்கள் அகதிகள் அல்லர். ஆயினும் மொழி தெரியாத ஊரில் தவிப்பவர்கள். இவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியைக் காட்டுவதும், வங்கிக் கணக்குக்கு வழி சொல்வதும் நம்மால் ஆகும். அன்று அந்நியரை ஐயுற்ற இவ்வட்டாரம், இன்று அவர்களைக் கைதூக்கிவிடும் வட்டாரம் ஆகட்டும்!