பர்மாவில் மறைந்த பாட்டனாரைத் தேடி

எம் தாயின் தந்தையார் 1944-இல் பர்மாப் போர்முனையில் உயிர்நீத்தார். அப்போது எம் அன்னையார்க்கு வயது நான்கு. அவர் நினைவில் எஞ்சியவை இரண்டே: காக்கிச் சட்டையின் மணம், சேரிக்கு வந்த ஓர் ஆங்கிலக் கடிதம். அதனை வாசிக்க எம் தெருவில் எவருமிலர். இரண்டு கல் தொலைவு நடந்து ஓர் ஆசிரியரிடம் காட்டிய பின்னரே பாட்டியார் தாலியைக் கழற்றினாராம்.

திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிக்கை வெளிவந்தது 1936-இல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே பாட்டனார் படையில் சேர்ந்தார். வயிற்றுப்பாடே காரணம், வீரமென்று மிகைப்படுத்த யாம் விரும்பவில்லை.

ரங்கூனுக்கு வடக்கே தாக்கியான் போர்க் கல்லறை வளாகத்திலுள்ள நினைவகத் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இப்பெயர்களைக் கணினி வழியே எவரும் காணுமாறு வைத்துள்ளது. ‘சென்னை மாகாணம்’ எனத் தேடித் தேடி ஏமாந்தோம். 1956 நவம்பர் 1 வரை நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சார்ந்திருந்ததை, வரலாறு கற்பிக்கும் யாமே மறந்திருந்தோம்! ‘திருவிதாங்கூர்’ என்று தேடியவுடன் கிடைத்தார். பெயரில் ஓரெழுத்து பிழை. தந்தை பெயரும் ஊரும் பொருந்தின.

முதல் உலகப்போரில் மெசபொத்தேமியாவில் மடிந்த நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு இதுவும் வாய்க்கவில்லை. 1929-இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவகத்தில் வெள்ளையர்க்குப் பெயர். இந்தியச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை. இவ்வேற்றுமைக்காக ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கோரியது.

அச்சிட்ட தாளை அன்னையாரிடம் அளித்தோம். எழுத்தறியாத அவர், பிழையான எழுத்து எதுவெனக் கேட்டு, அதன்மீது விரலை வைத்துக்கொண்டிருந்தார்.