கண்ணாடிக் குடிலும் கரிய செதிலும்

பயிருக்கு வேலி இடுவது மிகப் பழைய வழக்கம். கூரை இடுவது பிற்காலத்து வழக்கம். பனியும் குளிரும் மிகுந்த ஐரோப்பிய நாடுகளில், கண்ணாடியால் சுவரும் கூரையும் அமைத்து, உள்ளே வெப்பமூட்டிப் பயிர் வளர்க்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிதும் பரவிற்று. இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி 1845-இல் நீக்கப்படவே, கண்ணாடியின் விலை குறைந்தது. செல்வர் மாளிகைகளில் ஆடம்பரமாக இருந்த கண்ணாடிக் குடில், தக்காளியும் வெள்ளரியும் விளைத்து விற்கும் தொழிற்சாலையாயிற்று. இன்று பெங்களூரு, ஓசூர், புணே வட்டாரங்களில் ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பாலித்தீன் பசுமைக்குடில்களை நேயர்களில் பலர் கண்டிருக்கக்கூடும். அக்குடில்களுக்குள் பூச்சியை எவ்வாறு வெல்வது என்னும் வினாவுக்கு நூறாண்டு வரலாறு ஒன்று உண்டு.

மூடிய அறையின் இயல்பை முதலில் நோக்குவோம். பயிருக்கு இதமான வெப்பம் பூச்சிக்கும் இதமானதே. பூச்சியை அடித்துச் செல்லும் மழை அங்கே பெய்வதில்லை. அதனைத் தின்று வாழும் குளவியும் பொறிவண்டும் கண்ணாடிக்கு அப்பால் நின்றுவிடுகின்றன. நாற்றோடோ மனிதர் ஆடையோடோ உள்ளே புகுந்த பூச்சி, பகைவர் இல்லாத நாட்டில் குடியேறியது போல் பெருகுகிறது. இவ்வாறு பெயர் பெற்ற பூச்சிகளில் ஒன்று வெள்ளை ஈ. இங்கிலாந்தின் குடில்களில் கண்ட இனத்தை வெஸ்ட்வுட் என்னும் அறிஞர் 1856-இல் விவரித்து, ‘வெப்பக் குடில்களுக்கு உரியது’ என்னும் பொருள்பட இலத்தீனில் பெயரிட்டார். இலையின் அடிப்புறத்தில் செதில் போல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் இதன் குஞ்சுகள் தேன் போன்ற கசிவை வெளியிடும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, இலையும் கனியும் கெடும்.

அந்நாளைய தோட்டக்காரர் கையாண்ட மருந்துகள் அச்சம் தருபவை. புகையிலையைக் கொளுத்திப் புகையூட்டினர். அது போதாதபோது, இரவில் கதவுகளை அடைத்துச் சயனைடு நச்சுவாயுவை நிரப்பினர். மறுநாள் கதவைத் திறந்து காற்றோட்டம் தரும்வரை உள்ளே செல்பவர் உயிருக்கே ஆபத்து. இத்துணை முயன்றும், எஞ்சிய சிலவற்றிலிருந்து வெள்ளை ஈ மீண்டும் கிளைத்தது.

இந்நிலையில், 1926-ஆம் ஆண்டு ஹெர்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்து எல்ஸ்ட்ரீ என்னும் ஊரில், தக்காளி வளர்த்த தோட்டக்காரர் ஒருவர் ஒரு புதுமையைக் கண்டார். வெளிறிய செதில்களுக்கு நடுவே சில செதில்கள் கரிய நிறம் பெற்றிருந்தன. வேறொருவர் அதனை நோயென்று தள்ளியிருப்பார். அவரோ, செஷன்ட் நகரின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஸ்பேயர் என்னும் பூச்சியியல் வல்லுநரின் கவனத்துக்கு அதனைக் கொண்டு சென்றார். கரிய செதில்களைப் பாதுகாத்து வைத்தபோது, ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளை ஈக்குப் பதிலாக ஒரு நுண்ணிய குளவி வெளிப்பட்டது. என்கார்சியா ஃபார்மோசா என்பது அதன் பெயர்.

இக்குளவியின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மனிதரைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் ஒரு முட்டையை இடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, குஞ்சை உள்ளிருந்தே உண்டு வளரும். அப்போது செதில் கறுக்கும். ஏறக்குறைய எல்லாமே பெண் குளவிகள்; ஆணின் துணையின்றியே அவை இனம் பெருக்கும். ஆதலால், சில குளவிகளைக் கொண்டே பெரும்படையை உருவாக்க இயலும். செஷன்ட் நிலையம் அவ்வாறே செய்தது. 1930-களில் ஆண்டொன்றுக்குப் பதினைந்து இலட்சம் குளவிகள் சுமார் 800 தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நாடுகளுக்கும் அவை பயணம் செய்தன. பகைவரை வெளியே நிறுத்திய அதே கண்ணாடி, நட்புக் குளவியை வெளியே பறந்துவிடாமல் உள்ளே காத்தது.

இத்தகைய வெற்றியும் மறக்கப்பட்டது. டி.டி.டி. என்னும் வேதிப்பொருளின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939-இல் சுவிட்சர்லாந்தின் பவுல் முல்லர் கண்டறிந்தார்; 1948-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. போர் முடிந்தபின் அம்மருந்து தோட்டங்களுக்கு வந்தது. விலை மலிவு, வேலை எளிது, பலன் உடனே தெரிந்தது. குளவிகளை வளர்ப்பதற்கோ பொறுமை வேண்டும். வெப்பம் குறைந்தால் அவை சோர்ந்துவிடும். தவிரவும் புதிய மருந்து அவற்றையும் கொன்றது. குளவி வளர்ப்புப் பணி கைவிடப்பட்டது.

மருந்தின் ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அதனைக் குலைத்தது எட்டுக் கால் கொண்ட ஒரு சிற்றுயிர். சிலந்திப்பேன் என்பது அது. பூச்சி வகையன்று, சிலந்தியின் உறவு. அரை மில்லிமீட்டர் அளவே உள்ள இது, நல்ல வெப்பத்தில் பத்து நாள்களுக்குள் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி எய்தும். டி.டி.டி. இதனைக் கொல்லவில்லை, இதன் பகைவர்களையே கொன்றது. பின்னர் வந்த பாரத்தியான் முதலிய பாஸ்பரஸ் மருந்துகள் தொடக்கத்தில் இதனைக் கொன்றன. ஆயினும் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அமெரிக்கக் குடில்களின் ரோஜாச் செடிகளில் அம்மருந்துக்கும் அஞ்சாத பேன்கள் தோன்றின. மருந்துக்குத் தப்பிய சிலவே அடுத்த தலைமுறையின் பெற்றோராகின்றன. திறந்த வயலில் வெளியிலிருந்து வரும் பேன்கள் அவற்றோடு கலந்து, மருந்துக்கு அஞ்சாத தன்மையை ஓரளவு குறைக்கும். மூடிய குடிலில் அக்கலப்பு அரிது. ஆதலால் மருந்தை அடிக்க அடிக்க, மருந்து பலிக்காத இனமே உள்ளே குடிகொண்டது.

உதவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளோடு வேறொரு பேனும் வந்திருந்ததை, 1958-ஐ ஒட்டி டோசே என்னும் அறிஞர் கண்டார். சிலந்திப்பேனைத் தவிர வேறெதனையும் பெரிதும் நாடாத வேட்டைப்பேன் அது. ஆரஞ்சு நிறம் உடையது, கண் இல்லாதது. சிலந்திப்பேன் தாக்கிய இலை வெளியிடும் தனி மணத்தைப் பற்றிக்கொண்டே இரையைத் தேடிச் செல்கிறது என்பதைப் பின்னாளில் ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள் நிறுவினர். ஹாலந்தில் வெள்ளரி பயிரிட்ட யான் கோப்பர்ட் என்னும் தோட்டக்காரர் இவ்வேட்டைப்பேனைத் தம் குடிலில் பயன்படுத்தி, 1967-இல் அதனைப் பிறருக்கும் வளர்த்து விற்கத் தொடங்கினார். 1970-களில் வெள்ளை ஈயும் மருந்துகளை மீறிப் பெருகவே, மறக்கப்பட்டிருந்த என்கார்சியா குளவியும் மீண்டும் அழைக்கப்பட்டது.

அதன்பின்னும் பலர் தயங்கினர். அவர்களுடைய தயக்கத்தைத் தீர்த்தவை தேனீக்களின் உறவான பெருவண்டுத் தேனீக்கள். குடிலில் காற்று இல்லாமையால், தக்காளிப் பூவில் மகரந்தம் உதிர்வதற்குத் தொழிலாளர் ஒவ்வொரு பூங்கொத்தையும் அதிர்வூட்டி வந்தனர். இத்தேனீக்கள் அவ்வேலையை நன்கு செய்யும் என்பது 1980-களின் பிற்பகுதியில் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் நடைமுறைக்கு வந்தது. நஞ்சு தெளித்தால் தேனீ மடியும். தேனீ மடிந்தால் காய் குறையும். பூச்சியின் பொருட்டு நஞ்சைக் கைவிடாதவர்களும் தேனீயின் பொருட்டுக் கைவிட்டனர்.

இவ்வரலாற்றை நம் நாட்டில் அப்படியே பின்பற்ற இயலுமா? இயலாது. நம் சமவெளிகளில் மிகுதியாக உள்ள வெள்ளை ஈ வேறு இனம். அதன்மேல் என்கார்சியா ஃபார்மோசா அவ்வளவாக வெற்றி பெறுவதில்லை. சிலியிலிருந்து வந்த வேட்டைப்பேன் கடும் வெப்பத்திலும் வறட்சியிலும் தளர்ந்துவிடும். ஆகவே நம் மண்ணிலேயே வாழும் வேட்டைப்பேன்களை நம் ஆய்வாளர்கள் தேடிச் சோதித்து வருகின்றனர். இவ்வழி நமக்குப் புதியதும் அன்று. 2008-இல் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, தோட்டங்களைப் பாழாக்கிற்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருவில் பெருக்கி விடுவித்தபின் அது அடங்கியது. திறந்த வெளியிலேயே பலித்த முறை, அடைத்த குடிலில் பலிக்கத் தடையில்லை.

பசுமைக்குடிலில் நாள்தோறும் உழைப்பவர், தெளிக்கும் நஞ்சை முதலில் சுவாசிப்பவர். அடைத்த வெளியில் அந்நஞ்சு விரைந்து கலைவதும் இல்லை. அவருடைய உடல்நலமும், கடன் வாங்கிக் குடில் அமைத்தவருடைய முதலும் இக்கேள்வியில் அடங்கியுள்ளன. இலையின் அடிப்புறத்தை வாரந்தோறும் திருப்பிப் பார்ப்பதும், பூச்சி சிலவாக இருக்கும்போதே அதன் பகையை விடுவிப்பதும், நாற்றைச் சோதித்து உள்ளே விடுவதும் செலவு மிகுந்த செயல்கள் அல்ல. கண் வேண்டும், பொறுமை வேண்டும். எல்ஸ்ட்ரீ தோட்டக்காரருக்கு அவ்விரண்டும் இருந்தன. மருந்து மலிந்த காலத்தில் அவர் கண்டதை உலகம் கைவிட்டது. மருந்து தோற்ற காலத்தில் அதனையே தேடிச் சென்றது. இடையில் இழந்த ஆண்டுகளை நாமும் இழக்க வேண்டுவதில்லை.