ஆயா கையில் வெண்ணெய், நம்ம கையில் கோல்டு கிரீம்



கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்கன்னு கேட்டதும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. நான் பத்தாவது வரைதான் படிச்சவள். வீடு, மாடு, குழு, இதுதான் எனக்குத் தெரிந்த உலகம். எல்லாரும் குழுவால் கிடைத்த லாபத்தை எழுதுவார்கள். நான் எங்கள் குழுவுக்கு வந்த ஒரு நஷ்டத்தை எழுதலாம் என்று நினைத்தேன். முகத்துக்குப் பூசுகிற கோல்டு கிரீம் செய்து விற்று, அது திரும்பி வந்த கதை. ஏன் திரும்பி வந்தது என்று தேடிப் போனபோதுதான் அந்தக் கிரீமுக்கு 1800 வருஷத்துக்கு மேலான வரலாறு இருப்பது தெரிந்தது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்க பணம் போயிருக்காது.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை பக்கம். மார்கழி, தை மாசத்துப் பனி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை பால் கறக்கப் போனால் கன்னம் வெள்ளை பூத்துவிடும், உதடு வெடித்து ரத்தம் கசியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆயா தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்ததும் ஒரு நெல்லிக்காய் அளவு தனியாக எடுத்து வைப்பார். பித்தளைத் தட்டில் அதைப் போட்டு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் தேய்ப்பார். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஊற்றித் தேய்ப்பார். மோர் வாசம் போய், பஞ்சு மாதிரி வெள்ளையாக வந்த பிறகு எங்கள் உதட்டிலும் கன்னத்திலும் தடவுவார். சில்லென்று இருக்கும். மிச்சத்தைத் தன் குதிகால் வெடிப்பில் தேய்த்துக்கொள்வார். "நாளைக்குன்னு வெச்சா நாத்தம் புடிச்சிடும், இன்னிக்கே பூசு" என்பார். அந்த வார்த்தையை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆயுர்வேதத்தில் இதே மாதிரி ஒரு மருந்து இருக்கிறது. பெயர் சததௌத கிருதம். நூறு முறை கழுவிய நெய் என்று அர்த்தம். செம்புப் பாத்திரத்தில் நெய்யைப் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்து, வடித்து, நூறு தடவை கழுவுவார்கள். மஞ்சள் நெய் வெள்ளைக் களிம்பாகிவிடும். எரிச்சலுக்கும் வறண்ட தோலுக்கும் பூசுவார்கள். எங்கள் ஆயா படித்தவர் இல்லை. ஆனாலும் அவர் கை செய்தது கிட்டத்தட்ட அதே வேலைதான்.

இனி எங்கள் குழு கதைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிரீம் செய்யும் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தோம். தேன்மெழுகை உருக்கி, தேங்காயெண்ணெய் சேர்த்து, ரோஜாத் தண்ணீர் விட்டு அடித்தால் கோல்டு கிரீம் தயார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஓசூர் பக்கம் ரோஜாவுக்கா பஞ்சம்? பூவை வாங்கி வந்து நாங்களே கொதிக்க வைத்துத் தண்ணீர் இறக்கினோம். குழுவில் 3600 ரூபாய் உள்கடன் எடுத்து 120 டப்பா செய்தோம். டப்பா 50 ரூபாய். பொங்கல் கண்காட்சியில் ஒன்று விடாமல் விற்றது. 6000 ரூபாய் கையில் வந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாசம் முடியறதுக்குள்ள ஒவ்வொண்ணா திரும்பி வர ஆரம்பிச்சுது. சிலதில் தண்ணீர் தனியாக, எண்ணெய் தனியாக நின்றது. சிலதில் மேலே கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு முகமெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. அவளுடைய அம்மா என் வீட்டு வாசலில் நின்று, "உன்னை நம்பித்தானே வாங்கினேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. 72 டப்பாவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கடைசியில் 1200 ரூபாய் நஷ்டம். பன்னிரண்டு பேரும் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுக் கடனை அடைத்தோம். பணம் போனதைவிடப் பேர் போனதுதான் பெரிய வலி.

என் நாத்தனார் மகள் மருந்தாளுநர் பட்டயப் படிப்பு படிக்கிறாள். லீவுக்கு வந்தவளிடம் டப்பாவைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அத்தை, கேலன் செஞ்ச கிரீமும் இப்படித்தான் கெட்டுப்போகும்" என்றாள். யாரு கண்ணு அந்தக் கேலன் என்று கேட்டேன். அன்று ராத்திரி அவள் சொன்னதும், பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து படித்ததும்தான் இனி வருவது.

கேலன் என்பவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இருந்த கிரேக்க வைத்தியர். பெர்கமோன் என்ற ஊரில் பிறந்தவர். அது இப்போது துருக்கி நாட்டில் இருக்கிறது. முதலில் சண்டைக்களத்தில் மோதும் வீரர்களுக்குக் காயம் கட்டினார். பிறகு ரோமாபுரிக்குப் போய் மார்க்கஸ் அரேலியஸ் என்ற பேரரசருக்கே வைத்தியம் பார்த்தார். தேன்மெழுகு, ரோஜா இதழ் ஊறிய எண்ணெய், தண்ணீர் மூன்றையும் சேர்த்துக் குழைக்கும் களிம்பு அவர் பெயரால் வழங்குகிறது. பூசியதும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகித் தோல் குளிரும். அதனால்தான் அதற்குக் குளிர்ந்த கிரீம், கோல்டு கிரீம் என்று பெயர் வந்தது. குளிர்காலத்தில் பூசுவதால் வந்த பெயர் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

2003-ல் லண்டன் மாநகரின் சதர்க் பகுதியில் பூமியைத் தோண்டியபோது ஒரு சின்னத் தகர டப்பா கிடைத்தது. ரோமர் காலத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளைக் கிரீம். அதில் யாரோ விரல்விட்டு எடுத்த தடம் அப்படியே இருந்தது. பரிசோதித்துப் பார்த்ததில் மிருகக் கொழுப்பு, மாவுச்சத்து, வெள்ளீயத்தின் வெள்ளைப் பொடி மூன்றும் கலந்திருந்தது தெரிந்தது. இது கேலனின் கிரீம் வகை இல்லை, வேறு ஒரு பூச்சு. ஆனாலும் அந்த விரல் தடத்தை நினைத்தால் எனக்கு எங்கள் ஆயா ஞாபகம்தான் வருகிறது. எந்தத் தேசமானாலும் வெடித்த கன்னத்துக்கு ஒரு விரல் களிம்பு தேடாதவர் யார்?

கேலனின் களிம்பில் ஒரு குறை இருந்தது. எண்ணெயும் தண்ணீரும் ஜென்மப் பகை. அடிக்கும்போது சேர்ந்த மாதிரி இருக்கும், பிறகு பிரிந்துவிடும். அதனால் மருந்துக் கடைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து அப்போதைக்கப்போது கொடுத்தார்கள். பல நூறு வருஷம் இப்படியே ஓடியது. 19-ம் நூற்றாண்டில்தான் இதில் வெண்காரம் சேர்க்கும் வழக்கம் பரவியது. நம்ம ஊர் தட்டார் நகையில் பற்று வைக்கப் பயன்படுத்துகிற அதே வெண்காரம். தேன்மெழுகில் இருக்கிற புளிப்புத் தன்மையுள்ள பொருளோடு அது சேர்ந்தால் ஒரு வகை சோப்பு உண்டாகும். அந்த சோப்பு ஒரு கையில் எண்ணெயையும் ஒரு கையில் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். செடியிலிருந்து எடுத்த எண்ணெய் சிக்குவாடை அடிக்கிறது என்று, மண்ணுக்கடியில் எடுக்கும் கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து வாசமில்லாத வெள்ளை எண்ணெயாக்கி அதற்குப் பதில் ஊற்றினார்கள். கெடாமல் இருக்க மருந்தும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் கோல்டு கிரீம் மாசக்கணக்கில் கடையில் உட்கார முடிந்தது, கப்பலேறி நம் நாட்டுக்கும் வர முடிந்தது.

நம் நாட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1919-ல் பம்பாயில் பாட்டன்வாலா என்பவர் ஆப்கன் ஸ்னோ கொண்டுவந்தார். 1929-ல் கல்கத்தாவில் கௌர் மோகன் தத்தா என்பவர் போரோலின் கொண்டுவந்தார். அந்தப் பச்சை டியூப் இன்றைக்கும் இருக்கிறது. ஸ்னோவும் கோல்டு கிரீமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கோல்டு கிரீம் வெண்ணெய் மாதிரி, எண்ணெய்க்குள் தண்ணீர் இருக்கும், பிசுபிசுக்கும். ஸ்னோ பால் மாதிரி, தண்ணீருக்குள் எண்ணெய் இருக்கும், தேய்த்தால் காணாமல் போய்விடும். பாலையும் வெண்ணெயையும் கையாளுகிற நமக்கு இது புரியாதா என்ன?

வெண்ணெய் என்றதும்தான் எனக்கு எங்கள் தப்பு உறைத்தது. வெண்ணெயை வெளியே வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? ரெண்டு நாளில் வாடை வரும். அதையே உருக்கி நெய்யாக்கினால் மாசக்கணக்கில் இருக்கும். என்ன வித்தியாசம்? தண்ணீர்தான். கடை வெண்ணெயில்கூட 100 கிராமுக்கு 16 கிராம் வரை தண்ணீர் உண்டு. காய்ச்சும்போது சடசடவென்று பொரிவது அதுதான். தண்ணீர் இருக்கிற இடத்தில் பூஞ்சணமும் கிருமியும் வரும். நாங்கள் வீட்டில் இறக்கிய ரோஜாத் தண்ணீரை ஊற்றினோம், கழுவிய டப்பாவை ஈரம் காயாமல் நிரப்பினோம், கெடாமல் இருக்க எதுவும் சேர்க்கவில்லை, "இயற்கையானது" என்று பெருமையாகச் சீட்டு ஒட்டினோம். வாங்கினவர்கள் குளித்த கையோடு விரலை விட்டார்கள். ஆயா ஒரு நாளைக்குச் செய்ததை நாங்கள் ஒரு மாசத்துக்குச் செய்தோம். நஷ்டத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் அப்போது எங்களுக்குத் தெரியாது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-லிருந்தே இருக்கிறது. அழகுசாதனங்களுக்குத் தனி விதிகள் 2020-ல் வந்தன. முகத்துக்குப் பூசுவதைச் செய்து விற்க உரிமம் வேண்டும், சுத்தமான தனி இடம் வேண்டும், அதற்கென்று படித்தவர் மேற்பார்வை வேண்டும். நீங்கள் வாங்கும்போதும் செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், எந்தத் தேதி வரை பூசலாம் என்பது டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விவரமும் இல்லாமல் சந்தையில் விற்கிற "ஒரே வாரத்தில் வெள்ளையாக்கும்" கிரீமைத் தொடவே தொடாதீர்கள். அப்படிப்பட்ட சிலதில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-ல் பக்கத்துக் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். கோல்டு கிரீமின் முக்கிய வேலை தோலின் ஈரத்தைக் காப்பது.  நம்ம நிறத்துக்கு அதனிடம் ஒரு வேலையும் இல்லை.

இப்போது நாங்கள் விற்பதில்லை. வீட்டுக்கு மட்டும் செய்கிறோம். தண்ணீரே சேர்ப்பதில்லை. தேன்மெழுகு ஒரு பங்கு, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஐந்து பங்கு. 10 கிராம் மெழுகுக்கு 50 கிராம் எண்ணெய். அடுப்பில் நேராக வைக்காமல், கொதிக்கிற தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவிட வேண்டும். உலர்ந்த விரலால் எடுக்க வேண்டும். ராத்திரி முகம் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே ஒரு மிளகளவு தடவினால் போதும். முதலில் முழங்கைக்கு உள்பக்கம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். பரு உள்ள முகத்துக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம். எலுமிச்சைச் சாறு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், வெயிலில் போனால் தோல் வெந்துவிடும்.

கடைசியாகக் கூட்டமைப்புத் தலைவி அக்காவுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு குழுவால் உரிமம் வாங்கி, தனி இடம் கட்டி, ஆள் வைக்க முடியாது. எல்லாக் குழுவும் சேர்ந்த கூட்டமைப்பால் முடியும். என் நாத்தனார் மகளுக்கு அடுத்த வருஷம் படிப்பு முடிகிறது. மருந்தாளுநர் பட்டயம் பெற்றவர் அந்த மேற்பார்வையைச் செய்யலாம் என்று விதியிலேயே இருக்கிறதாம். மெழுகு நம் மலையில் இருக்கிறது, ரோஜா நம் தோட்டத்தில் இருக்கிறது, படித்த பெண் நம் வீட்டிலேயே இருக்கிறாள். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச்சுக்கு எடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படி ஒருநாள் முறையாகச் செய்தால், முதல் டப்பாவை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கல்லூரிப் பெண்ணின் அம்மா வீட்டுக்குத்தான் போவேன். காசு வாங்க மாட்டேன்.



இப்படிக்கு,
உங்கள் சகோதரி, குழு உறுப்பினர்