மலையில் ஏறாத சட்டம்

எங்க அப்பாயிக்கு நெத்திக்குச் சற்று மேலே முடி முளைக்காத ஒரு பட்டை இருந்தது. இரண்டு விரல் அகலம் இருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன். கொழுந்துக் கூடையின் கயிறு நாற்பது வருசமாக அழுத்தின இடம் அது என்று தெரிந்தபோது நான் ஓ.எல். படித்துக்கொண்டிருந்தேன். அப்பாயிக்கு அதில் புகார் எதுவும் கிடையாது. "கூட தூக்குனா அப்புடித்தான்டா" என்பாங்க. அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் பெரியப்பா மகள். வேலைத்தளப் பாதுகாப்பு முகாமைத்துவத்தில் முதுகலை படிக்கிறாங்க. அதில் 'ஹியூமன் பெக்டர்ஸ்' என்று ஒரு பாடம். தமிழில் மனிதக் காரணிகள் என்று சொல்லலாம். போன லீவில் அக்கா அந்தப் பாடக் குறிப்புகளை மேசையில் விரித்து வைத்திருந்தாங்க. வரலாறு படிக்கிற எனக்கு அதில் என்ன வேலை என்று சும்மா புரட்டினேன். முதல் பக்கத்திலேயே ஒரு கதை மாட்டியது.

இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கின பிறகு, விமானிகள் இறக்கை மடலை இழுப்பதற்குப் பதிலாகச் சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார்கள். விமானம் வயிற்றில் விழும். எல்லாரும் விமானியின் கவனக்குறைவு என்றார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே மாதிரியான விசை, அதுவும் பக்கத்தில் பக்கத்தில். சக்கரத்து விசையின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றை மாட்டச் சொன்னார். கைக்கே வித்தியாசம் தெரிந்தது, தவறு நின்றது. யார் பிழை என்று கேட்பதை விட்டுவிட்டு, வேலையை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் இந்தத் துறை.

அதற்குச் சில வருசம் முன்னால், 1931இல், ஹெய்ன்ரிச் என்ற காப்புறுதிக் கொம்பனிக்காரர் தொழில் விபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். விபத்துகளில் நூற்றுக்கு 88 தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் நடக்கிறது என்று அதில் கணக்குக் காட்டினார். உலகம் முழுக்க அந்த எண் பரவியது. அந்தக் கணக்குக்கு அடிப்படையாக இருந்த விபத்து அறிக்கைகளை எழுதினவர்கள் பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள். கங்காணி எழுதிய அறிக்கையில் யார் குற்றவாளியாக இருப்பார் என்று நம்ம ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது மலையகத்தின் கொக்கிப்புழுக் கதை. ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மலம் கலந்த ஈரமண்ணில் இருக்கும் புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் உட்கார்ந்து இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறிப்போவார், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும், வேலையில் பின்தங்குவார். அமெரிக்காவில் பத்திரிகைகள் இதற்குச் 'சோம்பல் கிருமி' என்றே பேர் வைத்திருந்தன. இங்கே கிருமியைக் கண்டுபிடிக்கும் முன்பே சோம்பேறிப் பட்டம் கொடுத்தாயிற்று.

மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் லயத்தில் கக்கூசு இல்லை, காலில் செருப்பில்லை. அதே மண்ணில் மறுபடி நடந்தார்கள், மறுபடி புழு வந்தது. கக்கூசு கட்டாமல் இது தீராது என்று மருத்துவர்கள் சொன்னபோது தோட்டத்துரைமார் செலவைக் காட்டித் தயங்கினார்கள். கட்டினாலும் கூலிகள் பாவிக்க மாட்டார்கள், அவர்கள் பழக்கம் அப்படி என்றும் சொல்லப்பட்டது. விசை ஒரே மாதிரி இருக்கட்டும், விமானி திருந்தட்டும் என்ற அதே வாதம்தான் இது.

பிறகு சட்டங்கள் வருகின்றன. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்மையிலேயே பெரிய மாற்றம். வேலையில் அடிபட்டால், முதலாளி தப்புச் செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை, நட்டஈடு உண்டு. குடித்திருந்தாலோ வேண்டுமென்றே கட்டளையை மீறினாலோ கிடைக்காது. எந்த உறுப்பு போனால் எத்தனை வீதம் என்று ஒரு அட்டவணையும் இருக்கிறது. இராத்திரியில் தனியாக வாசிக்கக்கூடாத அட்டவணை அது. ஆனாலும் இந்தச் சட்டம் அடிபட்ட பிறகுதான் வருகிறது. அடிபடாமல் காப்பது இதன் வேலை இல்லை.

அந்த வேலைக்கு வந்தது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். சுழலும் மெசினுக்கு வேலி, காற்றோட்டம், வெளிச்சம், பரிசோதகர் என்று எல்லாம் உண்டு. தோட்டத்தில் இது எங்கே பொருந்தும்? ஸ்டோருக்குள். கொழுந்தை வாட்டி, ரோலரில் அரைத்து, காயவைத்து, சலிக்கிற இடத்தில். அங்கே ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. சலிக்கும் இடத்தின் தேயிலைத் தூசால் ஆஸ்துமா வருகிறது என்று நம்ம நாட்டு மருத்துவர் சி.ஜி. உரகொட 1970இல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னாலேயே, கொழும்பில் வேலைசெய்த கஸ்தெல்லானி, தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கு வரும் இருமலைப் பதிவு செய்திருக்கிறார். கூரைக்குக் கீழே நடப்பதைச் சட்டமும் பார்த்தது, விஞ்ஞானமும் பார்த்தது.

ஆனால் தோட்டத்தில் பெரும்பாலானவர்கள் வேலை செய்வது ஸ்டோரில் இல்லையே. மலையில். செங்குத்தான, மழையில் வழுக்குகிற நிரையில், முதுகில் கூடையோடு. அந்த மலை 'தொழிற்சாலை' என்ற வரைவிலக்கணத்துக்குள் வராது. கொழுந்து கூடையில் இருக்கும்வரை அதைச் சுமப்பவருக்கு அந்தச் சட்டம் இல்லை. லொறி ஏறி ஸ்டோர் வாசலுக்கு வந்தபிறகுதான் கொழுந்து சட்டத்துக்குள் வருகிறது. எல்லா வேலைத்தளத்துக்கும் பொருந்துகிற புதிய சட்டம் வேண்டும் என்று ரொம்பக் காலமாகப் பேசுகிறார்கள். 2009இல் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் ஒரு தேசிய நிறுவனம் உருவானது நல்ல விஷயம். மலை இன்னும் வெளியேதான் நிற்கிறது.

ஏன் யாரும் இதைத் திருத்தச் சொல்லவில்லை? என் ஊகம் இது. 1947 தேர்தலில் தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் மலையகத்திலிருந்து வென்று நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம். 1952 தேர்தலில் நம்ம ஆட்களில் ஒருவர்கூட வெல்லவில்லை. மறுபடி ஒருவர் தேர்தலில் வென்று உள்ளே போக 1977 ஆனது. வோட்டு இல்லாதவரின் நாரிவலி எந்தச் சட்டத் திருத்தத்திலும் வராது. தொழிற்சங்கங்கள் இருந்தன, உண்மைதான். அவை சம்பளத்துக்கே போராடி மூச்சிழந்தன. நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. பசிக்கிறவரிடம் போய்க் கூடைக் கயிற்றின் அகலத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் சம்பளமும் பாதுகாப்பும் வேறு வேறு இல்லை என்பதை அக்காவின் பாடம்தான் எனக்குக் காட்டியது. நம்ம தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பேர். சொன்ன கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்கு, தண்ணிக்கு என்று கழிப்பார்கள். அந்தக் கழிவையும் சேர்த்துத்தான் பறிக்க வேண்டும். வழுக்குகிற பாறையைச் சுற்றிப் போனால் பத்து நிமிசம் போகும், குறுக்கே போனால் அரைக்கிலோ கூடும். ஒரு அம்மா குறுக்கே போய் விழுந்தால் அது கவனக்குறைவா? வேகமாக நட என்று சம்பளக் கணக்கே சொல்லும்போது, மெதுவாக நட என்று நோட்டீஸ் ஒட்டி என்ன பயன்?

குளவியும் அப்படித்தான். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்ற செய்தியை மாசம் தவறாமல் பார்க்கிறோம். பராமரிக்காத மலை காடாகிறது, அங்கேயும் நிழல் மரங்களிலும் கூடு. 2015இல் கிளைபோசேட் தடை வந்தபோது களை இடுப்புக்கு ஏறியதை அம்மா இன்னும் சொல்வாங்க. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையை எடுத்தார்கள். எங்க லயத்துச் சித்தி ஒருத்தர் போன வருசம் கொட்டு வாங்கினாங்க. கூடைக் கயிறு தலையில் மாட்டியிருந்ததால் கழற்றி ஓட நேரமாயிற்று. பிறகு தோட்டத்து ஒபீஸ் பேப்பரில் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்களாம்: தொழிலாளி கூட்டைக் கலைத்துவிட்டார். சித்திக்கு சிங்களமும் இங்கிலீசும் வாசிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு வந்திருக்காங்க.

அக்கா இப்போது ஆய்வுக்காகக் கொழுந்து எடுப்பவர்களிடம் பேசுறாங்க. ஒரு நாள் நானும் தராசைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். வினாக்கொத்தில் கூடையின் பாரம், நாரிவலி, வழுக்கல், குளவி, அட்டை, மருந்தடிப்பு எல்லாம் இருந்தது. கடைசியாக அக்கா, "மலையில ஒரே ஒரு விஷயத்த மாத்தலாம்னா எத மாத்துவீங்க?" என்று கேட்டாங்க. கூடை என்பார்கள், கயிறு என்பார்கள் என்று நான் பேனாவோடு தயாராக இருந்தேன். அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாங்க. பிறகு மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஒரு கக்கூசு. காலைல ஆறு மணிக்கு வந்தா சாயந்திரம் வரைக்கும் அடக்கிட்டுத்தான் நிக்கிறோம். அதுக்காகத் தண்ணியே குடிக்கிறதில்ல."

வினாக்கொத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அக்கா கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, கையால் எழுதிக்கொண்டாங்க.